‘வீரியம்’ என்றால் எந்த வீரியம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்மசி டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்காக உங்கள் கல்வி இணைப்பில் வந்த மருந்தியல் சொற்பட்டியலைப் பார்த்தோம். தமிழில் இப்படி ஒன்று வருவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் அதில் ஸ்ட்ரென்த், பொட்டென்சி, எஃபிகசி மூன்றுக்கும் எதிரே ‘வீரியம்’ என்றே போட்டிருக்கிறீர்கள். டோஸுக்கு ‘அளவு’, வால்யூமுக்கும் அதே ‘அளவு’. பரீட்சையில் இதற்கு மார்க் விழலாம். மருந்தை எடுத்துக் கொடுக்கிற மேஜையில் இது ஆபத்து. தெரியாத சொல் வந்தால் மாணவர் யாரிடமாவது கேட்டுவிடுவார். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லைக் கேட்கமாட்டார். ஆகவே பட்டியலை அடுத்த முறை அச்சிடும்போது சேர்த்துக்கொள்ளவென்று சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஸ்ட்ரென்த். ஒரு மாத்திரையிலோ இத்தனை மி.லி. திரவத்திலோ எவ்வளவு மருந்துப் பொருள் இருக்கிறது என்பதுதான் ஸ்ட்ரென்த். அது பாட்டிலில் அச்சாகியிருக்கும், ஆள் மாறினாலும் மாறாது. டோஸ் என்பது இந்த நோயாளிக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு மருந்து போக வேண்டும் என்பது. வயது, எடை, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் கிடைப்பது வால்யூம், அதாவது எத்தனை மி.லி. ஊற்றுவது என்பது. மூன்றையும் ‘அளவு’ என்று சொல்லிப் பழகியவர் எங்கே தவறுவார் என்பதற்குப் பாராசிட்டமால் சிரப்பே போதும். 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு. குழந்தையின் எடை 12 கிலோ, கிலோவுக்கு 15 மி.கி. என்று எழுதியிருந்தால் டோஸ் 180 மி.கி. முதல் பாட்டிலில் அது 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி. சீட்டில் வெறுமனே ‘7.5 மி.லி.’ என்று இருந்து, கைக்கு வந்தது இரண்டாவது பாட்டிலாக இருந்தால் குழந்தைக்குள் போவது 375 மி.கி., அதாவது இருமடங்குக்கும் மேல். மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தை எடுத்துவிட்டால் 750 மி.கி.

கணக்குக்கு ஒரே வரிதான்: வேண்டிய மி.கி.யை பாட்டிலில் சொன்ன மி.கி.யால் வகுத்து, அது கரைந்திருக்கும் மி.லி.யால் பெருக்க வேண்டும். 180-ஐ 120-ஆல் வகுத்தால் 1.5, அதை 5-ஆல் பெருக்கினால் 7.5. விடை வந்ததும் ஒருமுறை நிதானிக்கச் சொல்லிக்கொடுங்கள். 120 மி.கி.க்கே 5 மி.லி. தேவை என்றால் 180-க்கு ஐந்துக்கு மேல்தான் வர வேண்டும். 3.3 என்று வந்தால் வகுத்தல் தலைகீழாகப் போயிருக்கிறது. சீட்டில் மி.கி. இல்லாமல் மி.லி. மட்டும் இருந்தால் டெக்னீஷியன் தானாக எதையும் ஊகிக்கக் கூடாது, மருந்தாளுநரிடம் காட்ட வேண்டும். 3.6 மி.லி. போன்ற அளவை மூடிக் கோப்பையில் பார்க்க முடியாது. அதற்கு வாய்வழி சிரிஞ்ச்தான் தர வேண்டும்.

அடுத்து பொட்டென்சியும் எஃபிகசியும். ஒரு குறிப்பிட்ட பலன் கிடைக்க எத்தனை மி.கி. வேண்டும் என்பது பொட்டென்சி. எவ்வளவு கூட்டினாலும் அந்த மருந்தால் எட்ட முடிகிற உச்சம் எஃபிகசி. சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைட் 40 மி.கி. மாத்திரை செய்கிற வேலையை ஏறக்குறைய 1 மி.கி. புமெட்டனைட் செய்துவிடும். அப்படியானால் புமெட்டனைடின் பொட்டென்சி அதிகம். உச்சப் பலன் இரண்டுக்கும் ஒன்றுதான். மருந்து மாற்றி எழுதப்பட்ட நாளில் நோயாளி, “நாப்பதுல இருந்து ஒண்ணுக்கு இறக்கிட்டாங்களே, பவர் பத்துமா?” என்று கேட்பார். இந்த வேறுபாடு தெரியாத டெக்னீஷியன் அவருடன் சேர்ந்து தானும் சந்தேகப்படுவார். இதற்கு மறுபக்கம் ஹைட்ரோகுளோரோதயசைட், அதுவும் சிறுநீரைப் பெருக்கும் மருந்துதான். அதை எவ்வளவு கூட்டினாலும் ஃபுரோசமைட் அளவுக்குச் சிறுநீரை வெளியேற்றாது. இது எஃபிகசியில் உள்ள வேறுபாடு. ‘வீரியம்’ என்ற சொல்லைப் பொட்டென்சிக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம் என்பது எங்கள் கருத்து. எஃபிகசிக்கு ‘உச்சப் பலன்’ பொருந்தும். ஸ்ட்ரென்த்தை அப்படியே ஸ்ட்ரென்த் என்று எழுதிவிட்டுப் போகலாம், எல்லோரும் சொல்வது அதைத்தானே. தனித்தமிழ் ஆர்வலர்கள் கோபிக்க வேண்டாம். குழப்பமில்லாத கடன்சொல், குழப்புகிற தாய்மொழிச் சொல்லைவிடப் பாதுகாப்பானது.

அலகுகளைப் பட்டியல் ஒரே வரியில் கடந்துவிட்டது. ஒரு மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். தைராய்டு மருந்தான தைராக்சின் 100 மைக்ரோகிராம் மாத்திரை என்பது 0.1 மி.கி. கையெழுத்தில் மைக்ரோவுக்குரிய கிரேக்க எழுத்து ஆங்கில ‘எம்’ போலத் தெரிந்துவிட்டால் ஆயிரம் மடங்கு பிசகும். 1.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 10 ஆகும். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் .5 என்று எழுதினால் 5 ஆகும். ஆகவே முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்யம் கூடாது, புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம். யூனிட் என்பதைச் சுருக்கி ‘யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால் அதுவும் பூஜ்யமாகத் தெரியும், 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். இன்சுலினில் இன்னொரு வலையும் இருக்கிறது. மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை, 40 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். சிரிஞ்சும் குப்பியும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. சதவீதக் கணக்கு எளிது: 1 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 1 கிராம், அதாவது மி.லி.க்கு 10 மி.கி. அட்ரினலின் ஆயிரத்தில் ஒன்று என்றால் மி.லி.க்கு 1 மி.கி., பத்தாயிரத்தில் ஒன்று என்றால் 0.1 மி.கி.

பட்டியலில் எங்களை அதிகம் கலங்கடித்தது ‘அரை ஆயுள்: மருந்தின் ஆயுளில் பாதிக் காலம்’ என்ற விளக்கம். இதைப் படிக்கும் மாணவர், காலாவதித் தேதி வரை இரண்டு வருடம் என்றால் அரை ஆயுள் ஒரு வருடம் என்றுதான் நினைப்பார். அரை ஆயுளுக்கும் டப்பாவுக்கும் சம்பந்தமே இல்லை. இரத்தத்தில் உள்ள மருந்தின் செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்தான் அது. 100 இருந்தால் ஒரு அரை ஆயுளில் 50, பிறகு 25, 12.5, 6.25, ஐந்தாவதில் ஏறக்குறைய 3. ஆகவே மருந்தை நிறுத்தியபின் நான்கைந்து அரை ஆயுளில் பெரும்பகுதி போய்விட்டது என்று கொள்ளலாம். ஏறுவதும் இதே படிக்கட்டில்தான். ஒரே டோஸைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தால், நிலைபெறும் அளவில் முதல் அரை ஆயுளில் 50 சதவீதம், பிறகு 75, 87.5, 93.75 என்று ஏறி, ஐந்தாவதில் 97-ஐத் தொடும். உள்ளே போவதும் வெளியே போவதும் சமமாகிற அந்த இடத்துக்குப் பெயர் ஸ்டெடி ஸ்டேட்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் கவுன்டரில் வரும் பல கேள்விகளுக்குக் காரணம் பிடிபட்டுவிடும். பாராசிட்டமாலின் அரை ஆயுள் 2 முதல் 3 மணி நேரம், அதனால்தான் ஒரு நாளில் பல வேளை. தைராக்சினுக்கு ஏறக்குறைய 7 நாள். “பத்து நாளாச்சு, ஒண்ணும் தெரியலையே” என்று கேட்பவருக்கு மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஐந்து வாரம் கழித்துத்தான் நிலைபெறும், ஆறாவது வாரத்தில் இரத்தப் பரிசோதனை வைப்பது இதனால்தான். ஆன்டிபயாட்டிக்கான அசித்ரோமைசினின் அரை ஆயுள் 68 மணி நேரம் அளவில். மாத்திரை மூன்று நாளில் தீர்ந்தாலும் திசுக்களில் மருந்து அதற்குப் பிறகும் பல நாள் நிற்கும், “மூணே மூணு மாத்திரைதானா?” என்ற கேள்விக்கு இதுதான் பதில். இதய மருந்தான டிகாக்சினுக்கு 36 முதல் 48 மணி நேரம். நிலைபெற ஒரு வாரம் காத்திருக்க முடியாத அவசரத்தில் முதலில் ஒரு பெரிய அளவைக் கொடுத்து மட்டத்தை உயர்த்துவார்கள். அதுதான் லோடிங் டோஸ். அந்தப் பெரிய அளவு முதல் நாளுக்கு மட்டும் என்பதை லேபிளில் எழுதாமல் விட்டால் நோயாளி தினமும் அதையே சாப்பிடுவார். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு டிகாக்சினின் அரை ஆயுள் நீண்டுவிடும், அதே மாத்திரை நாளாக நாளாகச் சேர்ந்துகொண்டே போகும். குமட்டல், பார்வையில் மஞ்சள் நிறம், நாடித் துடிப்பு குறைவது என்று வந்தால் அதை வயிற்றுக் கோளாறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. டிகாக்சின், மனநோய்க்கான லித்தியம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் போன்றவற்றுக்கு குணப்படுத்தும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகல். இதைத்தான் குறுகிய தெரப்யூட்டிக் இன்டெக்ஸ் என்கிறார்கள். லித்தியம் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருக்கப்படுகிறது, 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறி தொடங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அரை ஆயுளும் மருந்து வேலை செய்யும் நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும். அமிலம் சுரக்கும் பம்ப்பை அது மீள முடியாதபடி பூட்டிவிடுகிறது. உடல் புதுப் பம்ப்பைச் செய்துகொள்ளும் வரை பலன் நிற்கிறது. ஃபெனிட்டாயின் வேறு வகை. அதை உடைக்கும் கல்லீரல் நொதிகள் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும், பிறகு டோஸைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் மருந்தின் அளவு எகிறும். அங்கே மேலே சொன்ன படிக்கட்டு செல்லாது.

காலாவதிக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் உள்ள தேதி பிரிக்காத பெட்டிக்கானது. பிரித்தபின் வேறு கடிகாரம் ஓடத் தொடங்கும். அமாக்சிசிலின் பொடிப் பாட்டிலுக்கு இன்னும் ஒன்றரை வருடம் தேதி இருக்கலாம். தண்ணீர் சேர்த்துவிட்டால் தயாரிப்பைப் பொறுத்து 7 அல்லது 14 நாள்தான். கலக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியாகப் படிந்த பொடியை உதிர்க்க வேண்டும். பிறகு சுத்திகரித்த அல்லது கொதித்து ஆறிய நீரில் ஒரு பகுதியை ஊற்றி, மூடி, பொடி முழுக்க நனையும் வரை குலுக்க வேண்டும். மீதி நீரைக் குறியிட்ட கோடு வரை அதன்பின் சேர்க்க வேண்டும். ஒரேயடியாகக் கோடு வரை ஊற்றினால் பொடி உறிஞ்சியபின் மட்டம் கீழே இறங்கும். நுரையைப் பார்த்து மட்டம் வந்துவிட்டது என்று நிறுத்தினாலும் நீர் குறையும்; செறிவு கூடி, ஒவ்வொரு 5 மி.லி.யிலும் லேபிள் சொல்வதைவிட அதிக மருந்து போகும். கோட்டைத் தாண்டினால் இதற்கு நேர்மாறு. கலந்த தேதியையும் கொட்ட வேண்டிய தேதியையும் பாட்டிலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

‘உட்கொள்ளும் வழி’ என்ற தலைப்பில் பட்டியல் நாலைந்து சொற்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு, காரணத்தை விட்டுவிட்டது. வாய்வழியாகப் போகிற மருந்து குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குத்தான் போகும். உடலைச் சுற்றப் புறப்படுவதற்கு முன்பே ஒரு பங்கு அங்கே அழிந்துவிடும். இதுதான் ஃபர்ஸ்ட் பாஸ். அதைத் தாண்டி இரத்த ஓட்டத்தை எட்டுகிற பங்கு பயோஅவைலபிலிட்டி. இரத்தக் குழாயில் நேராகப் போடும் ஊசிக்கு அது 100 சதவீதம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரையை விழுங்கிவிட்டால் பெரும்பகுதி கல்லீரலில் காலி. புரொப்ரனலால் ஊசியில் 1 மி.கி. கணக்கிலும் மாத்திரையில் 40 மி.கி. கணக்கிலும் வருவதற்குக் காரணம் இதே. ஊசி அளவையும் மாத்திரை அளவையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

மாத்திரைப் பெயரின் வாலில் வரும் எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர், எல்ஏ போன்ற எழுத்துகளை மாணவர்கள் பிராண்டின் அலங்காரமாக நினைத்துவிடுகிறார்கள். மருந்தை 12 அல்லது 24 மணி நேரத்துக்குப் பரப்பி விடும் வடிவம் என்பதன் அடையாளம் அவை. அதைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். குழாய் வழியாக உணவு செலுத்தப்படும் நோயாளிக்கு மாத்திரை வாங்க வருபவரிடம், “பொடிச்சுக் குடுப்பீங்களா?” என்று கேட்க டெக்னீஷியனைப் பழக்க வேண்டும். மெட்ஃபார்மின் எஸ்ஆர் சாப்பிடுபவர் மலத்தில் மாத்திரை முழுசாக வந்ததாகப் பதறி வரக்கூடும். வந்தது பெரும்பாலும் வெற்றுக் கூடு, மருந்து உள்ளே இறங்கியிருக்கும்.

அடுத்தது ‘அலர்ஜி’. பக்கவிளைவு, ஒவ்வாமை, மருந்துகளுக்கு இடையிலான மோதல் எல்லாவற்றையும் நோயாளி “ஒத்துக்கல” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அதை டெக்னீஷியன் அப்படியே ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று பதிந்தால், அமாக்சிசிலின் சாப்பிட்டு வயிறு போனதற்காக ஒருவர் ஆயுள் முழுவதும் ஒரு நல்ல மருந்து வகையை இழப்பார். என்ன ஆனது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் ஆனது, அதன்பின் அதே மருந்தை மறுபடி சாப்பிட்டதுண்டா என்று கேட்டு, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் அது ஒவ்வாமைதான், விளையாடக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கான எனாலாப்ரில் சாப்பிட்டு வரும் வறட்டு இருமல் பக்கவிளைவு. அதே எனாலாப்ரிலால் உதடும் நாக்கும் வீங்கினால், அதன் இயக்கமுறை வழக்கமான ஒவ்வாமை இல்லை என்றாலும் அந்த வகை மருந்தே அவருக்கு இனி கூடாது. இப்படி ‘கூடவே கூடாது’ என்பது கான்ட்ராஇன்டிகேஷன். ‘பார்த்துக் கொடு’ என்பது பிரிகாஷன். பட்டியல் இரண்டையும் ‘எச்சரிக்கை’ என்று ஒன்றாக்கிவிட்டது.

மோதல்களில் இரண்டு வகையை மட்டும் பிரித்துக் காட்டினாலே போதும். ஒன்று வயிற்றுக்குள் நடப்பது: சிப்ரோஃப்ளாக்சசினும் டெட்ராசைக்ளினும் இரும்பு, கால்சியம், அமிலமுறி மருந்துகளோடு சேர்ந்தால் கட்டுண்டு உடலில் ஏறாமல் போகும். இடைவெளி விட்டால் சரியாகிவிடும். இன்னொன்று கல்லீரலில் நடப்பது, அங்கே இடைவெளி உதவாது. கிளாரித்ரோமைசின், மருந்தை உடைக்கும் நொதியைத் தடுத்து, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், தசை சிதையும் ஆபத்து உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நொதியைப் பெருக்கி, வார்ஃபரினையும் கருத்தடை மாத்திரையையும் பலனிழக்கச் செய்யும்.

மருந்துப் பெயர்களின் ஈற்றை வைத்து வகையை அறியும் பயிற்சியைச் சேர்த்திருக்கிறீர்கள், நல்லது. உலக சுகாதார நிறுவனம் 1953-இல் முதல் பொதுப்பெயர்ப் பட்டியலை வெளியிட்டதிலிருந்து இந்த ஈறுகளுக்கு ஒழுங்கு இருக்கிறது. ஆனால் ‘ப்ரசோல்’ என்று முடிந்தால் அமிலம் குறைக்கும் மருந்து என்று மட்டும் சொன்னால், மனநோய்க்கான அரிபிப்ரசோலும் அந்தக் கூடைக்குள் விழும். அதன் ஈறு ‘பிப்ரசோல்’ என்று தனி. தமிழில் எழுதும்போது இந்த ஆபத்து கூடுகிறது. நம் ‘ப’ எழுத்து ஆங்கிலத்தின் p, b என்ற இரண்டு ஒலிகளையும் பிரித்துக் காட்டாது. தைராய்டுக்கான கார்பிமசோல், வலிப்புக்கான கார்பமசெபின் இரண்டையும் வேகமாகப் படித்துப் பாருங்கள். பட்டியலில் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் பெயரை அச்சிட வேண்டும். அலமாரியிலிருந்து எடுப்பதும் சரிபார்ப்பதும் அந்த எழுத்தை வைத்துத்தான் நடக்க வேண்டும்.

கடைசியாகச் சீட்டுச் சுருக்கெழுத்துகள். ‘ஓடி’ என்பதற்கு நாளைக்கு ஒருமுறை என்று போட்டிருக்கிறீர்கள். கண் மருந்துச் சீட்டில் அதே இரண்டெழுத்துக்கு வலது கண் என்றும் பொருள் உண்டு என்பதைச் சேருங்கள். வாரம் ஒருமுறை என்பதற்கு உங்கள் பட்டியலில் இடமே இல்லை. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். அதைத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, உயிரே போகும், போயிருக்கிறது. இந்த மாத்திரைக்கு லேபிளில் ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதினால் போதாது, ‘திங்கட்கிழமை மட்டும்’ என்பதுபோலக் கிழமையின் பெயரை எழுத வேண்டும். 2.5 மி.கி., 10 மி.கி. என்று வெவ்வேறு ஸ்ட்ரென்த் இருப்பதால் எத்தனை மாத்திரை, மொத்தம் எத்தனை மி.கி. என்பதையும் எழுத வேண்டும். கூடவே தரப்படும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பெரும்பாலும் அதேபோல் சிறியதாக, மஞ்சளாக இருக்கும். இரண்டையும் ஒரே உறையில் போடக் கூடாது. அதன் உறையில் அதற்குரிய கிழமையைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள்